எட்டாவது பை

செப்டம்பர் 14, ஞாயிறு. இன்றைய தவறு: ஏழு பேருக்கு எட்டுப் பை கட்டிவிட்டேன்.

இதற்கு மேல் ததேயாவுக்குப் பேனா நகரவில்லை. இத்தாலி எல்லையை ஒட்டிய நோவா கோரிட்சா நகரில் அவள் மாலை நேர மசாஜ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று செய்த வேலை, அதில் நடந்த தவறு, மறுநாள் செய்ய வேண்டியது, இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதி வர வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார்கள். ததேயா அன்றன்றே எழுதுவாள். எழுதியதைத் திரும்பப் படித்து, இதெல்லாம் ஒரு தவறா, சொன்னால் சிரிப்பார்களோ என்று கொஞ்ச நேரம் குழம்புவாள். ஒரு பை கூடுதலாகக் கட்டியது தவறுதான். அதில் குழப்பமில்லை. அந்தப் பையை ஒருவன் வாங்கிக்கொண்டு போனானே, அதை எதில் சேர்ப்பது?

லீபாபெட் சைக்கிள் அணியில் அவளுக்கு வேலை. வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுவது, சோற்றைப் பிசைந்து கட்டிகளாக வெட்டித் தாளில் சுற்றுவது, பந்தய வழியில் நின்று உணவுப் பை கொடுப்பது என்று காலையிலிருந்து நிற்க நேரமிருக்காது. லீபாபெட் என்பது விளையாட்டுகளின் மேல் பந்தயம் கட்ட வைக்கும் கம்பெனி. எல்லை தாண்டி இத்தாலிக்குள் போய்விட்டால் அந்த மாதிரிக் கம்பெனியின் பெயரை எங்கேயும் காட்டக் கூடாது. ஆகவே எல்லையைக் கடந்ததும் முதல் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, கதவில் இருக்கும் பெயரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுவார்கள். வீரர்களும் ஒரு எழுத்துகூட இல்லாத வெள்ளைச் சட்டைக்கு மாறுவார்கள். மற்ற அணிக்காரர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

"பால்காரங்க வந்துட்டாங்கடா! எனக்கு ரெண்டு லிட்டர் ஊத்திட்டுப் போங்க!"

மெக்கானிக் ஸ்தாங்கோ சும்மா இருக்க மாட்டார். "உங்க அம்மாவுக்கு நேத்தே ஊத்தியாச்சு, போடா!" என்று கத்துவார்.

அன்றைய பந்தயம் எல்லைக்கு அந்தப் பக்கம், திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே நடந்தது. பை கொடுக்கும் இடம் ஒரு ஏற்றத்தின் பாதியில் இருந்தது. ஏற்றத்தில்தான் வீரர்கள் மெதுவாக வருவார்கள், கையை நீட்டி வாரைப் பிடித்துப் பறித்துக்கொண்டு போகத் தோதாக இருக்கும். ஒவ்வொருவரும் பை வாங்குவது ஒவ்வொரு மாதிரி. அணியின் மூத்த வீரன் வீதோ இரண்டு விரலைக் கொக்கியாக்கி மாட்டி எடுப்பான். சின்னப் பையன் லூகா கண்ணை இடுக்கிக்கொண்டு ஏதோ பாம்பைப் பிடிப்பது போல் பிடிப்பான். ஏழு பேரும் வாங்கிப் போய்விட்டார்கள். தோளில் இன்னொரு பை தொங்கியது. எண்ணாமல் கட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ததேயா அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

கூட்டம் போய்விட்டது. பின்னால் வரும் அணிக் கார்கள் இன்னும் வளைவு திரும்பவில்லை. அந்த இடைவெளியில் ஒருவன் வந்தான். வாருக்குள் கையை முழங்கை வரை நுழைத்து, உடம்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். அந்த இழுப்பு அவள் தோள்பட்டை வரை ஏறியது. அவள் திரும்பிப் பார்த்தபோது முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டை. அதில் சிவப்பு எழுத்தில் லீபாபெட்.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எந்த மடையன் இத்தாலியில் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்? நடுவர் கண்ணில் பட்டால் அபராதம் போடுவார்களே! சாயங்காலம் துணிகளைத் துவைக்கப் போடும்போது ஒவ்வொரு சட்டையாகப் பிரித்துப் பார்த்தாள். ஏழும் பெயரில்லாத வெள்ளை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்த வருடம் லீபாபெட் எழுத்து நீல நிறம். சிவப்பெழுத்துச் சட்டையை அணி விட்டு இரண்டு வருடமாகிறது.

அந்தப் பந்தயத்தில் வீதோ மூன்றாவதாக வந்தான்.

அது யாரும் எதிர்பார்க்காதது. வீதோவுக்கு முப்பத்து மூன்று வயது. கடைசிக் கோட்டுக்கு முன்னால் பாய்கிற வேகம் அவன் கால்களை விட்டுப் போய்ப் பல நாளாகியிருந்தது. அணி மேலாளர் போகொமில் அவனைக் கட்டிப் பிடித்துக் காதைச் செல்லமாகக் கடித்தார். அவர் சந்தோஷப்படக் காரணம் இருந்தது. உலகத்தின் பெரிய பந்தயங்களில் ஓட உரிமை உள்ள முதல்தர அணிகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். மூன்று வருட மதிப்பெண்ணைக் கூட்டி அந்த வரிசையைத் தீர்மானிப்பார்கள். இது மூன்றாவது வருடம், அக்டோபரோடு கணக்கு முடிகிறது. லீபாபெட் அந்த வரிசைக்கு ஒரே ஒரு இடம் கீழே நின்றது. மேலே ஒரு பிரெஞ்சு அணி. முதல்தரம் கிடைக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. பாதிப் பந்தயங்களில் பெயரையே காட்ட முடியாத அணிக்கு இனியும் செலவு செய்ய அவர்கள் தயாராக இல்லை.

அந்த மூன்று வருடக் கூட்டலில் அணியின் பழைய வீரன் யெர்னெயின் மதிப்பெண்ணும் இருந்தது. முதல் வருடம் வசந்தத்தில் அவன்தான் அணிக்கு அள்ளிக் கொடுத்தான். அதே வருடம் ஜூனில், சொந்த நாட்டிலேயே, விர்ஷிச் மலையிலிருந்து மழையில் இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் நேராகப் போய்விட்டான். அவன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்த வேறு அணிப் பையன் ஒருவனும் அப்படியே பின்தொடர்ந்து போனான். அந்தப் பையன் இடுப்பு உடைந்து பிழைத்தான். யெர்னெய் பிழைக்கவில்லை. ஆள் போனாலும் எடுத்த மதிப்பெண் அணியை விட்டுப் போகாது. புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் இன்னும் இருந்தது. "அவன் இன்னும் நமக்காக ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான்" என்று போகொமில் சில சமயம் சொல்வார். அதை யாரும் வேறு விதமாக எடுத்துக்கொண்டதில்லை.

மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீதோ கேட்டான்.

"கடைசில என்னை இழுத்துட்டுப் போனது யாரு? லூகாவா?"

"லூகா ஏத்தத்துலயே கழண்டுட்டான். உன்கூட நம்மாளு யாருமே இல்ல" என்றாள் ததேயா.

"விளையாடாத. ஒருத்தன் முன்னாடி இருந்தான். நம்ம சட்டை. காத்தே படல தெரியுமா? ரூமுக்குள்ள ஓட்டுற மாதிரி இருந்துச்சு."

சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் காற்றுதான் எதிரி. முன்னால் ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பாதி பலத்தில் அதே வேகத்தில் போகலாம். போகொமில் மடிக்கணினியில் அன்றைய ஒளிப்பதிவைப் போட்டார். வீதோ சாலையின் இடது ஓரத்தில் தனியாக வந்தான். முன்னால் யாரும் இல்லை. ஆனால் அவன் தலையைத் தாழ்த்தி, கண்ணைத் தாழ்த்தி, எதிரில் ஒரு சக்கரம் இருப்பது போலவே ஓட்டினான். சக்கரம் கொஞ்சம் வலப்பக்கம் விலகியது போல அவனும் விலகினான். அடுத்து அவன் சைக்கிளில் பதிவான கால் பலத்தின் வரைபடத்தைத் திறந்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வேகத்துக்கு இந்தப் பலம் பத்தவே பத்தாது. எவனோ முன்னாடி காத்தை மறைச்சிருக்கான்."

"மெஷின் கெட்டுப் போயிருக்கும்" என்றார் ஸ்தாங்கோ.

"நீதானய்யா காலைல சரி பாத்த?"

"நான் பாத்ததால சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ததேயா கூடுதலாகக் கட்டிய பையைப் பற்றிச் சொன்னாள். தயங்கித் தயங்கி, அதை ஒருவன் வாங்கிப் போனதையும், சிவப்பு எழுத்தையும் சொன்னாள். சிரிப்பு நின்றது. போகொமில் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அடுத்த பந்தயத்துக்கும் எட்டே கட்டு பொண்ணே."

சைக்கிள் பந்தய உலகத்தில் அதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். பதின்மூன்றாம் எண் வந்தால் அந்த எண் துணியைச் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்கிறவர்கள் இவர்கள். ஜெயித்த அன்று போட்ட காலுறையைச் சீசன் முடியும் வரை மாற்றாதவர்கள். ஒருமுறை பலித்தது என்றால், அது தவறாகவே இருந்தாலும், அப்படியே திரும்பச் செய்வார்கள்.

அடுத்த பந்தயம் பிரெந்தா ஆற்றங்கரையில். ததேயா எட்டுப் பை கட்டினாள். எட்டாவதற்கு என்ன வைப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு வைத்ததையே வைத்தாள்: இரண்டு சோற்றுக் கட்டி, ஒரு சின்ன கோலா, ஒரு வாழைப்பழம். கட்டிகளைத் தாளில் சுற்றி, தன் வழக்கப்படி ஒரு மூலையை உள்ளே மடித்துச் செருகினாள். வெயிலில் ஓட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் பிரிக்க அந்த மடிப்புதான் சுலபம்.

ஏழு பேர் போனார்கள். கூட்டம் போனது. சாலை சும்மா கிடந்தது. இந்த முறை அவள் முன்பக்கம் பார்த்தபடி நின்றாள்.

முதலில் தோன்றியது சத்தமின்மை. சைக்கிள் வந்தால் சங்கிலி ஓசை கேட்கும், டயர் தாரில் உரசும் ஓசை கேட்கும், ஏற்றத்தில் மூச்சு கேட்கும். இவன் வந்தபோது எதிர்ப்பக்கத்து மரத்தில் இருந்த பறவைகூட நிறுத்திவிட்டது. நல்ல வெயில், ஆனால் அவன் சட்டை மழையில் நனைந்தது போல் உடம்போடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட் பழைய மாதிரி. முகம் சாலையைப் பார்த்துக் குனிந்திருந்தது. கையை நீட்டினான், முழங்கை வரை வாருக்குள் விட்டான், உடம்போடு இழுத்தான்.

யெர்னெய் அப்படித்தான் வாங்குவான். "கை போனாலும் பை போகாது பாரு" என்பான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். ஏற்றம் முடிகிற இடம் வரை ஓடினாள். அங்கிருந்து நேர்ச்சாலை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை யாருமில்லை.

வீதோ இரண்டாவதாக வந்தான். முடிவுக் கோட்டுக்கு அப்பால் நின்று வருகிறவனைத் தாங்கிப் பிடிப்பதும் ததேயாவின் வேலைதான். கோடு தாண்டியதும் வீரனுக்குக் கால் இருக்காது, கண் தெரியாது, தான் எங்கே இருக்கிறோம் என்றே புரியாது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, இன்னொரு கையை முதுகில் வைத்து, துண்டைக் கழுத்தில் போட்டு, முடிஞ்சுது, கால கீழ வை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்லாவிட்டால் சிலர் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். வீதோ அவள் தோளில் தலையைச் சாய்த்தான். மூச்சு வாங்கவே இல்லை.

"மறுபடி வந்தான் ததேயா."

"முகத்தைப் பாத்தியா?"

"முகத்தை எதுக்குப் பாக்கணும்? சக்கரத்தைப் பாத்தேன். எங்க போறோம்னுகூடப் பாக்கத் தேவையில்ல. கண்ணை மூடிட்டுப் போகலாம்."

அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் ஓய்வு. ததேயா யாரிடமும் சொல்லாமல் தன் காரில் சோச்சா ஆற்றோரமாக வடக்கே போய், விர்ஷிச் மலையில் ஏறினாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அந்த வளைவில் யெர்னெயின் நினைவாக ஒரு பழைய சைக்கிளை முழுக்க வெள்ளையடித்துத் தடுப்புக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். மலையேறுகிறவர்கள் பூ வைப்பார்கள், சில பேர் பீர் பாட்டில் வைப்பார்கள். சாலையில் வேறு வண்டி இல்லை. கீழே பள்ளத்தாக்கில் பனி அசையாமல் கிடந்தது.

வெள்ளைச் சைக்கிளின் கைப்பிடியில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இரண்டு பைகள் தொங்கின.

ஒன்றைத் திறந்தாள். இரண்டு சோற்றுக் கட்டி, கோலா, கறுத்துப் போன வாழைப்பழம். எதுவும் தொடப்படவில்லை. சோற்றுக் கட்டியின் தாளில் ஒரு மூலை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. மற்றொன்றைத் திறக்கக் கை வரவில்லை. வெளியிலிருந்தே தடவிப் பார்த்தாள். அதே கனம்.

எங்கே பந்தயம் நடந்தாலும் அவன் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறான். பை வாங்குகிறான், ஒருவனை இழுத்துக்கொண்டு போகிறான், இந்த வளைவுக்கு வருகிறான். இதுவரை நடந்த இரண்டு பந்தயங்களும் சமதரையில்தான் முடிந்தன. அவனும் கடைசிக் கோட்டில் வீதோவை விட்டுவிட்டான். இனி மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று, கார்னியா மலையில். ஒரு பெரிய ஏற்றம், அதன் பின்னால் முடிவு வரைக்கும் இறக்கம்.

போகொமில் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. அலுவலக மேஜையில் பாதி தின்ற பூரெக் பலகாரம் இருந்தது. அதன் பொரிந்த துணுக்குகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எவனாவது ரசிகன் கொண்டுபோய் மாட்டியிருப்பான்."

"என் மடிப்பு பாஸ். பிரிக்கவே இல்ல."

"கீழ விழுந்த பையை எடுத்து மாட்டியிருப்பான். செய்வானுங்க."

"ரெண்டு தடவையும், நான் எட்டாவதா கட்டின பையையேவா?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்தது.

"சரி, அவனாவே இருக்கட்டும்" என்றார். "அவன் நம்ம பையன். நமக்குக் கெடுதல் நினைப்பானா? கார்னியாவுல வீதோ முதல் அஞ்சுல வந்தா நாம மேல போறோம். இருபத்தாறு பேரோட வேலை. உன் வேலையும்தான். எட்டுப் பை கட்டு."

"கெடுதல் நினைக்க மாட்டான் பாஸ். ஆனா அந்த வளைவுல அவன் பிரேக் பிடிக்க மாட்டானே."

"போ பொண்ணே. வகுப்புக்கு நேரமாச்சு."

வீதோவிடம் போனாள். அவன் தன் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கும் தெரியும் அவன்தான்னு" என்றான். "முதல் தடவையே தெரியும். அவன் சக்கரத்தை நான் நாலு வருஷம் பாத்திருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பதிமூணு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாள்கூடப் பெரிய பந்தயத்துல ஓடினதில்ல. டிவில பாத்திருக்கேன், எங்க அத்தை பாக்குற மாதிரி. நாம மேல போனா அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவையாவது ஓடுவேன்."

"இறக்கத்துல அவன் பின்னாடி போகாத வீதோ. ஏத்தத்துல மட்டும் போ."

"ஒருத்தன் சக்கரத்துல ஒட்டினா ஒட்டினதுதான். நடுவுல யோசிச்சா விழுவோம். உனக்குத் தெரியாதது இல்ல." சங்கிலியைச் சுற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "பை கட்டிடு ததேயா. நான் கேட்டேன்னு கட்டு."

கார்னியா பந்தயத்தன்று காலையில் போகொமில் வந்து பைகளை எண்ணினார். எட்டு இருந்தது. அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். ததேயா வண்டியை ஓட்டிக்கொண்டு மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பை கொடுக்கும் இடத்துக்குப் போனாள். ஏழு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எட்டாவதைக் கையில் எடுத்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். தான் நினைப்பது தவறாக இருந்தால்? இருபத்தாறு பேர். வீதோ இறக்கத்தில் கெட்டிக்காரன், வளைவு வந்தால் தானாகவே பிரேக் பிடிப்பானோ என்னவோ. அந்த இன்னொரு பையனும் கெட்டிக்காரன்தான், இடுப்பு உடைந்தவன். பையை வண்டியின் குளிர்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வீரர்கள் வந்தார்கள். முன்கூட்டத்தில் வீதோ இருந்தான். இரண்டு விரலால் பையை மாட்டி எடுக்கும்போது அவள் தோளைத்தான் பார்த்தான், அங்கே எத்தனை மிச்சம் என்று. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஆறு பேரும் வந்து வாங்கிப் போனார்கள். கூட்டம் வளைவில் மறைந்தது.

மலை அமைதியாயிற்று.

அவன் வந்தான். நனைந்த சட்டை, குனிந்த முகம், கை நீண்டிருந்தது. அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவன் கையைத் தாழ்த்தவில்லை. நீட்டிய கையோடு அவளை நெருங்கி, அவளைத் தாண்டப் போனான். பை இல்லாவிட்டால் போக மாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். எவ்வளவு அசட்டு நினைப்பு! அவன் பைக்காகவா வருகிறான்? வீதோ கொஞ்ச தூரம்தான் முன்னால் இருந்தான். இறக்கம் தொடங்குவதற்குள் இவன் அவனைப் பிடித்துவிடுவான்.

என்ன செய்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. தினமும் செய்கிற வேலையைக் கை தானாகச் செய்தது. சாலைக்குள் ஓரடி வைத்து இடது கையால் அவன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள். வலது கையை முதுகில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கழுத்தில் போட்டாள்.

"முடிஞ்சுது யெர்னெய். கோட்டைத் தாண்டிட்ட. கால கீழ வை."

முழுக் கனத்தோடு அவன் அவள் மேல் சாய்ந்தான். களைத்த மனிதனின் கனம், தினமும் தாங்குகிற அதே கனம். ஆனால் அவள் கைக்கு அடியில் அந்த முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை. ஈரம் அவள் சட்டை வழியாக உள்ளே இறங்கியது. மலைமழையின் குளிர்ச்சி. பெடலிலிருந்து காலணி விடுபடும் சின்ன ஓசை கேட்டது. அவனிடமிருந்து அவள் கேட்ட முதல் ஓசை அது.

"எத்தனாவது?" என்றான்.

எல்லோரும் கேட்பது அதுதான். கண் தெரியாவிட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல. இன்னும் சொல்லல."

அவன் தலையசைத்ததை அவள் தோளில் உணர்ந்தாள். அப்போது கீழே வளைவில் அணிக் கார்களின் ஹாரன் அலறியது. ஒதுங்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவள் ஓரத்துக்குத் தாவினாள். கார்கள் போன பிறகு சாலை காலியாக இருந்தது. கையில் துண்டு இருந்தது. பிழிந்தாள். நல்ல வெயிலில், உலர்ந்த தாரில், தண்ணீர் சொட்டியது.

வண்டிக்குள் ரேடியோவில் வீதோவின் குரல் கேட்டது. "எங்க அவன்? காத்து அடிக்குது. பாஸ், எனக்கு முன்னாடி யாருமே இல்ல!" போகொமில் ஏதோ கத்தினார். மறுபடி வீதோ, "பிரேக் பிடிச்சுட்டேன்" என்றான். பிறகு ரேடியோவில் இரைச்சல் மட்டும்.

அவன் பதினான்காவதாக வந்தான். பிரெஞ்சு அணி தன் இடத்தில் இருந்தது. லீபாபெட் தன் இடத்தில் இருந்தது, ஒரே ஒரு படி கீழே.

கம்பெனியிலிருந்து போன் வர அதிக நேரமாகவில்லை. போகொமில் வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி வரை நடந்து பேசிவிட்டு வந்தார். அணியினர் அவர் முகத்தைப் பார்த்துக் கலைந்தார்கள். அவர் வண்டிக்குள் ஏறிக் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை கட்டின?"

"எட்டு."

"எத்தனை குடுத்த?"

"ஏழு பாஸ்."

அவர் பையை எடுத்தார். அவளை அடிக்கப் போகிறார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. படிக்கட்டில் உட்கார்ந்து, சோற்றுக் கட்டி ஒன்றைப் பிரித்து, இரண்டாக விண்டு, ஒன்றை அவளிடம் நீட்டினார். இருவரும் தின்றார்கள். சோறு குளிர்ந்து கெட்டியாகிப் போயிருந்தது.

வீதோ உடை மாற்றிக்கொண்டு வந்தான். படியருகில் நின்றான்.

"மூணாவது வளைவு வரைக்கும் அவன் வந்திருந்தா போதும். நான் அஞ்சுக்குள்ள வந்திருப்பேன்."

"மூணாவது வளைவுல என்ன இருந்துச்சு?" என்று ததேயா கேட்டாள்.

"வளைவுதான். வேற என்ன?"

"பிரேக் பிடிச்சேன்னு சொன்னியே."

"காத்து அடிச்சுது. தலையைத் தூக்கினேன். சுவர் தெரிஞ்சுது. பிடிச்சேன்." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அவன் இருந்திருந்தாலும் பிடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருப்ப."

"கெடுத்துட்ட ததேயா. இனிமே நானும் டிவிலதான் பாக்கணும்."

"ஆமா" என்றாள்.

அவன் தன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பிடித்திருக்கலாம். அதை அவளால் இனி ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது.

திரும்பி வரும்போது எல்லையைத் தாண்டியதும் ஸ்தாங்கோ வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார். கதவில் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பிரிக்க இறங்கினார். பிறகு அதைத் தொடாமலே வந்து உட்கார்ந்து ஓட்டினார்.

வீட்டில் ததேயா மேஜை முன் உட்கார்ந்து தேதி போட்டாள். அக்டோபர் 12, ஞாயிறு. இன்றைய வேலை என்பதற்கு நேரே, ஏழு பேருக்குப் பை கொடுத்தேன், எட்டாவது ஆளைத் தாங்கிப் பிடித்தேன் என்று எழுதினாள். எழுதியதைப் படித்தாள், அடிக்க நினைத்தாள், அப்படியே விட்டாள். இன்றைய தவறு என்று எழுதி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எழுத அவளிடம் ஒன்றும் இல்லையா, நிறைய இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

நாளை: வண்டியை மதியத்துக்குள் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் மசாஜ் மேஜையை இறக்கிவிட்டு, உள்ளே பெருக்கித் துடைக்க வேண்டும்.